இருமல்காரி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பதிலில் எழுது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நான் ஒரு மோட்டார் படகு வாங்கிவிட்டேன்.

துணி துவைத்து இஸ்திரி போடுகிறவளுக்குப் படகு எதற்கு என்று நீ கேட்பதற்கு முன்பே உன் அத்தான் கேட்டுவிட்டார். அதனால் பதில் தயாராக இருக்கிறது. அக்கரை விடுதிகளின் விரிப்புகளை நம்பித்தான் என் சலவைக்கூடத்தில் கொதிகலன் எரிகிறது. இத்தனை நாளும் காலைப் பயணப் படகில் மூட்டைகளை அனுப்பினேன். போன மாதத்தோடு அந்தப் படகை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலப் படகில் அனுப்பினால் வந்த விருந்தாளி வெறும் மெத்தையில் உட்கார்ந்திருப்பான். ஏரியைச் சுற்றிச் சாலை வழியாகப் போனால் பாதி நாள் போய்விடும். இப்போதைக்கு ஒரு மீன்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி அவர் படகில் அனுப்புகிறேன். விரிப்புகள் மீன் வாசனையோடு போய் இறங்குகின்றன. ‘மழைக்காலம் வரைக்கும் பொறுத்துக்கறோம்மா. அதுக்கப்புறம் வேற ஆளைப் பாத்துக்குவோம்’ என்று விடுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

படகு ஐஸ் வியாபாரி ஒருவருடையது. பச்சை வண்ணம். பக்கவாட்டில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது. பின்னால் தொங்கும் இன்ஜினின் மூடியைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஓடும்போது அது இருமுகிறதாம், உன் அத்தான் சொன்னார். உடனே இருமல்காரி என்று பெயரும் வைத்துவிட்டார். சலூன் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிற மனிதர், படகை மட்டும் விட்டுவிடுவாரா? எனக்கு இருமலும் கேட்காது, தும்மலும் கேட்காது என்பது உனக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதில் காய்ச்சல் கொண்டுபோன காதை இந்த வயதில் யார் திருப்பித் தரப்போகிறார்கள்.

மழை தொடங்குவதற்குள் படகுத்துறை அதிகாரியின் முன்னால் ஓட்டிக் காட்டி, மூட்டை ஏற்றிப் போக அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் படகைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துணி காயப்போட வேண்டியதுதான். சலவைக்கூடத்தையும் மூடிவிடலாம். நீ இருபது வருடமாக இழுவைக் கப்பலில் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவன். எனக்குக் கடிதத்திலேயே கற்றுக்கொடு. போனில் அத்தானிடம் சொல்லி அனுப்பாதே. அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியில் தன் சரக்கைச் சேர்த்துவிடுவார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிய கயிறு அவிழ்ந்துவிட்டதோ என்று நிமிடத்துக்கொரு தடவை துறைக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். உடனே பதில் போடு.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். என்ன சாப்பிடுகிறேன் என்று மட்டும் கேட்காதே. முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. அத்தானுக்கு என் அன்பு.

படகு வாங்கிய செய்தியைப் படித்துவிட்டு எங்கள் ஆட்களிடம் சொன்னேன். ‘உங்க அக்காவா வாங்கினாங்க, நீங்க வாங்கலையா?’ என்று சிரிக்கிறார்கள். சரி, கவனமாகக் கேட்டுக்கொள்.

முதலில் எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை அது கெட்டியாகும்வரை அமுக்கு. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார். சோக்கை இழு. ஒரு சிவப்புக் கயிறு இருக்கும், அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள். நீ தண்ணீரில் விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜினை நிறுத்திவிடும். அதை மாட்டாமல் ஒரு நாளும் ஓட்டாதே. அதன்பிறகு இழுகயிற்றை ஒரே மூச்சில் இழு. ஓடத் தொடங்கியதும் சோக்கை உள்ளே தள்ளு.

மற்றதெல்லாம் சத்தம்தான். இன்ஜினைக் காதுகொடுத்துக் கேள். சீராக ஓடுகிறதா, திணறுகிறதா, தாகமாக இருக்கிறதா, எல்லாவற்றையும் அதுவே சொல்லும். நான் சத்தத்தை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைக்கிறேன். ஒரு போல்ட் தளர்ந்தால் கேப்டனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். பழகிவிட்டால் உனக்கும் தெரிந்துவிடும்.

பயப்படாதே. மெதுவாகப் போ.

உன் தம்பி


மார்ச் 27

அருமைத் தம்பி,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அத்தான் பாதி சவரத்தில் கத்தியோடு ஓடிவந்துவிட்டார். ‘காதுகொடுத்துக் கேள்’ என்று யாருக்கடா எழுதினாய்? கூடப் பிறந்தவனே மறந்துவிட்டால் ஊரை நான் என்ன சொல்வது! ஆனால் ஒரு விதத்தில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. எழுதும்போது உனக்கு நான் செவிட்டு அக்கா இல்லை, வெறும் அக்கா.

இனி என் பிரதாபத்தைக் கேள். மீன்காரர் கூட உட்கார்ந்திருக்க, நீ சொன்ன வரிசையில் எல்லாம் செய்து கயிற்றை இழுத்தேன். ஓடவில்லை என்று நினைத்து மறுபடி இழுத்தேன். துறையில் இருந்தவர்களெல்லாம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். வழியனுப்பி வைக்கிறார்களாக்கும் என்று நானும் கையை ஆட்டிவிட்டு மூன்றாம் தடவை இழுத்தேன். கடைசியில் மீன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே வந்து, ‘அது முதல் இழுப்பிலயே ஓடிருச்சும்மா, கொன்னுடாதீங்க!’ என்றார். ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினை மறுபடி ஓட வைக்கப் பார்த்தவள் இந்த ஏரியிலேயே நான் ஒருத்திதான்.

அடுத்தது படகைத் திருப்புகிற இந்தக் கைப்பிடி. வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போகிறது. இதை ஏன் நீ எழுதவில்லை? நேராக நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டேன்.

ஆனாலும் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். உட்காரும் பலகையில் முழங்காலை அழுத்தி வைத்தால் இன்ஜின் ஓடுவது எலும்பில் தெரிகிறது. நியூட்ரலில் பொடிப்பொடியாக அதிரும். கியர் விழுந்தால் ஒரு உதை. வேகம் கூட்டினால் அதிர்வு தொடைவரை ஏறிவிடும். இருமலும் தெரிகிறது. நாலு துடிப்புக்கு ஒன்று தவறுகிறது. அந்த நாளில் நீ என்னைக் கூப்பிடக் கூடத்துப் பலகைத் தரையில் காலால் மிதிப்பாயே, அந்த மாதிரிதான். ஒரு மிதி என்றால் இங்கே பார். இரண்டு மிதி என்றால் அப்பா வருகிறார், புத்தகத்தை எடு!

ஏன் இருமுகிறது என்று எழுது. கைப்பிடியைப் பற்றியும் எழுது. துறையில் எப்படி நிறுத்துவது என்றும் எழுது. எல்லாவற்றையும் சீக்கிரம் எழுது.

அன்புடன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை மும்முரம். உடம்பு பரவாயில்லை. நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இருமுவது பிளக்காக இருக்கலாம். கழற்றிப் பித்தளைத் தூரிகையால் தேய். போகவில்லை என்றால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். இன்ஜினின் பக்கத்தில் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சும், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இரு. பீச்சுவது நின்றால் உடனே இன்ஜினை நிறுத்து. இல்லையென்றால் சூட்டில் இறுகிப்போகும்.

கைப்பிடி அப்படித்தான். படகின் முன்பக்கம் திரும்புகிறது என்று நினைக்காதே, நீ வாலை ஒதுக்குகிறாய். துறையில் நிறுத்துவதில் ஒரே விதிதான். படகுக்கு பிரேக் கிடையாது. காற்றுக்கு எதிராக வா. சேர்ந்துவிடும் என்று தோன்றுவதற்கு வெகு முன்னாலேயே நியூட்ரலில் போடு. படகு தானாக நகர்ந்து வரும். கடைசியில் ஒரு தடவை ரிவர்ஸ் கொடு.

ஒன்று கேட்க வேண்டும். முழங்காலில் தெரிகிறது என்று எழுதினாயே, அதை இன்னும் விவரமாக எழுதேன். எந்த இடத்தில் கை வைப்பாய், கெட்ட அதிர்வையும் நல்ல அதிர்வையும் எப்படிப் பிரிப்பாய்? கூட்டத்தில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் உனக்கு எப்படித் தெரிகிறது? அதிகாரி கேட்டாலும் கேட்பார், அதற்காகத்தான்.

இங்கே புதுக் கேப்டன் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் சொல்வதெல்லாம் மீசைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. கம்பெனி விடுதியில் வேறு அறைக்கு மாறிவிட்டேன். இந்தப் பக்கம் நல்ல அமைதி, காலையில் ஒரு காக்கை கூடக் கத்துவதில்லை. வருடாவருடம் நடக்கும் மருத்துவப் பரிசோதனை அடுத்த மாதம். வழக்கமானதுதான்.

உன் தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு ஆசீர்வாதம்.

உன் அத்தானுக்குக் கொஞ்சம் சளி, எனக்குக் கொஞ்சம் வீக்கம். காரணம் இதோ.

அக்கரைத் துறையின் நுனியில்தான் அதிகாரியின் அறை. தண்ணீரில் கால்நட்டு அதன்மேல் பலகை அடித்த துறை. நேற்று முதன்முதலாகத் தனியாக ஏரியைக் கடந்துபோனேன். நடு ஏரியில் எனக்கு இருந்த குஷியைக் கடிதத்தில் எழுத முடியாது. அந்தக் குஷியில் நீ சொன்ன ‘வெகு முன்னாலேயே’ என்பதை மறந்துவிட்டேன். துறையில் போய் முட்டினேன் பார், பலகை முழுவதும் ஆடிவிட்டது. அதிகாரியின் டீ கிளாஸ் மேசையிலிருந்து விழுந்து உடைந்தது. என் முழங்கை வீங்கிப்போனது. அவர் வெளியே வந்து படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சும்மா’ என்றார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

நீ கேட்டதற்குப் பதில். உள்ளங்கையை விட மணிக்கட்டுக்குக் கீழே உள்ள மேடு நன்றாகக் கேட்கும். நல்ல அதிர்வு சோம்பேறி, ஒரே மாதிரி இருக்கும். கெட்டது பதறும். நீ அதைத் தேட வேண்டாம், அதுவே உன்னைத் தேடி வரும். பின்னாலிருந்து கூப்பிட்டால் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் எதிரே நிற்கிறவர்களின் கண் என் தோளுக்கு மேலே போகும். அதைப் பார்த்துத் திரும்புவேன். கடையில் எப்போதும் சுவரை ஒட்டி, வாசலைப் பார்த்து உட்காருவேன். உதட்டைப் படிக்க வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும், என் முகத்தில் இல்லை. இதையெல்லாம் எந்த அதிகாரியடா கேட்கப்போகிறார்?

உன் கேப்டனுக்கு மீசையை எடுக்கச் சொல். உன் அத்தான் இலவசமாகவே எடுத்துவிடுவார்.

பதிலை இந்தத் தடவையாவது இழுத்தடிக்காதே.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கை தேவலையா?

உனக்கு எப்போது பரீட்சை? ரிவர்ஸ் கொடுப்பதைத் திரும்பத் திரும்பப் பழகு.

மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டிருக்கிறேன், வேலை இருந்தது. போன வாரம் இங்கே ஒரு சின்ன விபத்து. கப்பலை இழுக்கும் கயிறு அறுந்து மேல்தளத்தில் அடித்தது. முன்னாலேயே எச்சரித்துக் கத்தியிருக்கிறார்கள், அங்கே நின்ற ஆளுக்குக் கேட்கவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டார்கள். இழுத்தவனுக்குக் கையில் சின்னக் காயம். மற்றபடி ஒன்றுமில்லை.

ஒரு நண்பனுக்காகக் கேட்கிறேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது உனக்கு எத்தனை நாளில் வந்தது? பெரிய வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?

உன் தம்பி


ஜூன் 2

தம்பி,

உடம்பைப் பற்றி விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள். பரீட்சையில் தோற்றுவிட்டேன்.

ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்தது. மிதவைகளுக்கு நடுவே எட்டு போட்டேன். துறையில் ஒரு முட்டல் கூட இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதிகாரி அப்போதும் படகைவிட்டு இறங்கவில்லை. ‘இப்ப உங்களுக்குப் பின்னால ஒரு பெரிய படகு ஹாரன் அடிச்சுட்டே வந்துதும்மா. அவன்தான் விலகிப் போனான், நீங்க விலகலை. தண்ணில ஒருத்தன் விழுந்து கத்தினா உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, உதடு தெரியும்படி சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு வந்திருப்பேன்.

மழைக்கு முன்னால் இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் நான் தலைகீழாக நின்றாலும் இந்தக் காது கேட்கப்போகிறதா? நேற்று ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் துறைக்குப் போகத் தோன்றுகிறது. துறைக்குப் போனால் படகைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏதாவது வழி சொல். உனக்குத் தெரியாத வழியா?

உன் நண்பனுக்கு என்ன வயது?

அக்கா


ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. நான் சுகம், அத்தான் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சலூனில் கிடந்த பழைய கண்ணாடியை இரண்டாக அறுத்துப் படகில் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டேன். இப்போது பின்னால் வருகிற படகும் தெரிகிறது, என் நரைமுடியும் தெரிகிறது. அதன்பிறகும் வேலை ஓடாமல் உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன்.

நீ நண்பனுக்காகக் கேட்டாயல்லவா. இது அவனுக்கு. அவனிடம் காட்டு.

தம்பியின் நண்பனே, காய்ச்சலுக்குப் பிறகு என் காது போக ஆரம்பித்தபோது கணக்கு டீச்சர் வாய்க்குள்ளேயே முனகுகிறார் என்று வீட்டில் புகார் சொன்னேன். எங்கள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து அவரோடு சண்டை போட்டாள். முதலில் உலகம் முழுவதும் மீசைக்குள் பேசுகிற மாதிரிதான் இருக்கும். பிறகு காக்கை கத்துவது நின்றுபோகும். நல்ல அமைதியான இடம் என்று நினைத்துக்கொள்வாய். அதன்பிறகு மறைக்கத் தொடங்குவாய். மற்றவர்கள் சிரித்தால் நீயும் சிரிப்பாய். அப்படிச் சிரித்து நான் ஒரு சாவு வீட்டில் மாட்டிக்கொண்டேன். கேட்காமல் இருப்பதில் கஷ்டமில்லையப்பா, கேட்கிற மாதிரி நடிப்பதில்தான் ஆள் செத்துப்போகிறான். இரண்டு வருடம் நடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூட்டை மாதிரி விழுந்து தூங்குவேன்.

உதடு படிக்க எந்த வயதிலும் வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆளிடமாவது வாய்திறந்து ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, கயிறு அறுந்து அடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவன் சொல்லியே ஆக வேண்டும். இன்றைக்குச் சட்டையைப் பிடித்து இழுக்க ஒருவன் இருந்தான், கையை மட்டும் காயப்படுத்திக்கொண்டான். நாளைக்கு?

அவ்வளவுதான் அவனுக்கு. இனி உனக்கு. கேட்காத காதுதான், ஆனாலும் அதில் நீ பூச்சுற்ற நான் விடமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதுடா.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன், எழுத வரவில்லை.

நண்பனிடம் காட்டினேன். குளியலறைக் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். அழுதேன். இந்த வயதில் அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, அதற்காகவும் கொஞ்சம் அழுதேன்.

காது போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது அக்கா. இடது காதில் ஒன்றுமே இல்லை, வலதில் கொஞ்சம். இன்ஜின் அறைச் சத்தம்தான் காரணம் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். இனிமேல் திரும்பாதாம், இருப்பதும் போகுமாம். ஆமாம், பரிசோதனைக்குப் போய்விட்டேன். போவதற்கு முன்னால் கேப்டனிடம் நானே சொன்னேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தவர் அவர்தான். மீசைக்குள் ஏதோ சொன்னார். ‘சார், எழுதிக் காட்டுங்க’ என்றேன். ‘முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா’ என்று எழுதினார்.

இன்ஜின் பக்கம் போகக் கூடாது என்று கப்பலிலேயே இருக்கும் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். இன்ஜின் எங்கேயோ கீழே ஓடுகிறது. மேசையில் மணிக்கட்டை வைத்துப் பார்க்கிறேன், நீ சொன்னது சரி. ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன். ஸ்டோர் கிளார்க் என்னைக் கூண்டில் விட்ட புலி என்கிறார். எழுதித்தான் சொன்னார்.

உன் பரீட்சைக்கு வழி கேட்டாயே. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், அது உனக்கும் தெரிந்ததுதான். படகில் இன்னொரு ஆளை ஏற்று. அத்தானை ஏற்று. அவர் முன்னால் உட்கார்ந்து காதாக இருக்கட்டும். யாராவது ஹாரன் அடித்தால் படகின் தரையில் ஒரு மிதி. நிறுத்த வேண்டும் என்றால் இரண்டு மிதி. படகு முழுவதும் ஒரே பலகைதான், உன் முழங்காலுக்கு வந்துவிடும். அதிகாரியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்து காட்டு. மறைக்காதே. நான்தான் இப்போது அந்த விஷயத்தில் நிபுணன் ஆயிற்றே.

தம்பி


ஜூலை 14

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றபடி படித்தேன். அன்று மீதி நாள் முழுக்க ஒரு விரிப்பையும் மடிக்கவில்லை. உன் அத்தான் சலூனைச் சாத்திவிட்டு வந்து அவரே மடித்தார். கோணல்மாணலாக மடித்தார்.

இனி நல்ல செய்தி. அனுமதி கிடைத்துவிட்டது!

தண்ணீரைக் கண்டாலே பின்வாங்குகிற மனிதரைப் படகில் ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே போட்டுக்கொண்டுதான் புறப்பட்டார். இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் காது திறந்திருந்ததே, அது போதாதா. ஹாரன் அடித்தபோது ஒரு மிதி, நான் விலகினேன். அதிகாரி கரையிலிருந்து விசில் ஊதியபோது இரண்டு மிதி, நிறுத்தினேன். அதன்பிறகு கரைக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்கோழி கத்தியதற்கும் மிதித்தார். ‘அதுக்கு வேண்டாங்க, அது வேற துறை’ என்று அதிகாரியே சொல்லும்படி ஆனது. பகலில் மட்டும், மூட்டைகளோடு மட்டும், முன்னால் ஒரு ஆளோடு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். சலூன் திறப்பதற்கு முன்னால் ஒரு நடை போய்வர அத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்ணைத் திறப்பதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் நேற்று இருமல்காரி நடு ஏரியில் நின்றுவிட்டாள். பிளக்கைத் தேய்த்தேன், எண்ணெயை வடித்தேன், என்னென்னவோ செய்தேன். மீன்காரர்தான் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். என்ன கோளாறு என்பது கைக்குத் தெரிகிறது தம்பி, அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. இந்தத் துறையில் இன்னும் எத்தனையோ இன்ஜின்கள் இருமிக்கொண்டுதான் இருக்கின்றன, பார்க்க ஒரு ஆள் இல்லை.

பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. என் படகு ஓட வேண்டும், அதற்காகக் கூப்பிடுகிறேன். நீ எழுந்து எழுந்து நடக்கிற தூரத்துக்கு இந்நேரம் நடந்தே இங்கே வந்து சேர்ந்திருக்கலாம். மாடி அறை காலியாக இருக்கிறது. வா.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். நான் கிட்டத்தட்ட சுகம்.

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். முதலில் வரமாட்டேன் என்று எழுதினேன். காது போன மெக்கானிக்கை யார் நம்புவார்கள்? பிறகு யோசிக்கிறேன் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். நேற்று ஸ்டோரில் ஒரு பழைய பம்ப் வந்தது. யாரும் பார்க்காதபோது ஓடவிட்டு, மணிக்கட்டின் மேட்டை அதன்மேல் வைத்தேன். ஒரு பேரிங் பதறிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் அந்தப் பேரிங்தான். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

வருகிறேன். பத்தொன்பதாம் தேதி காலை பஸ் அக்கரைத் துறையில்தான் நிற்குமாமே. ஒரே கவலை, விடுமுறைக் கூட்டமாக இருக்கும். நீ படகிலிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. நான் கரையிலிருந்து கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. நாம் எப்படித்தான் சந்திப்பது?

தம்பி


ஆகஸ்ட் 10

அன்புத் தம்பிக்கு,

மாடி அறையைக் கழுவிவிட்டாயிற்று. வெளுத்த விரிப்புப் போட்டிருக்கிறேன், மீன் வாசனை இல்லாதது. இங்கே எல்லோரும் நலம், இருமல்காரியைத் தவிர. இருமிக்கொண்டேதான் அக்கரைக்குப் போய்வருகிறாள். அவளுக்கும் டாக்டர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகத் துறையின் நுனிக்கு வந்துவிடு. அதிகாரியின் அறைக்குப் பக்கத்தில் பலகைமேல் நில். செருப்பைக் கழற்றிவிட்டு நில். யாரையும் தேடாதே, கூப்பிடவும் வேண்டாம், எந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

அன்றைக்கு மட்டும் நியூட்ரலில் கொஞ்சம் தாமதமாகப் போடப்போகிறேன். அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொள்கிறேன் என்றார்.

காலுக்குக் கீழே பலகை ஒரு தடவை ஆடும். குனிந்து பார், நான்தான்.

அக்கா